முப்பது துவைப்பைத் தாண்டிய கவுன்

மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்ததும் சித்தி கேட்ட முதல் கேள்வி, "இதை யாரு தைச்சது?" என்பதுதான்.

பித்தப்பையில் கல். அறுவை முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா பதறிப்போய், "பெரிய டாக்டரே தைச்சாராம், பயப்படாதே" என்றார்.

"ஐயோ, வயித்தை இல்லீங்க. இந்தக் கவுனை."

சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி மாட்டிவிட்ட கவுனின் கையைத் திருப்பி உள்தையலைக் காட்டினாளாம். நூல் பிசிறு பிசிறாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

சித்தி என் அம்மாவின் தங்கை. பதினேழு வயதில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள், இப்போது நாற்பத்தாறு. டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு நீள அறை, ஆறு மெஷின், ஒரு வெட்டு மேசை, சித்தியையும் சேர்த்து ஆறு பெண்கள். அதுதான் அவளுடைய தையலகம். கீழே டயருக்குக் காற்றடிக்கும்போதெல்லாம் மேலே ஜன்னல் கண்ணாடி அதிரும். ஊசியில் நூல் கோக்க நினைப்பவர்கள் அந்தச் சத்தம் ஓயும்வரை பொறுத்திருந்துதான் கோப்பார்கள்.

அப்போது அந்த அறைக்குப் போதாத காலம். ஒன்பது வருடமாகத் தைத்துக் கொடுத்துவந்த பள்ளிக்கூடச் சீருடை, ஏதோ ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டது. கையில் இருந்த சில்லறை வேலை இன்னும் இரண்டு மாதம் தாங்கும். "அதுக்குள்ள ஏதாவது நிலையான வேலை கிடைக்கலைன்னா கதவைச் சாத்திடுவேன். நீங்க இப்பவே வேற இடம் பார்த்து வெச்சுக்குங்க" என்று ஐந்து பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே வந்திருந்தாள். யாரும் வேறு இடம் பார்க்கவில்லை. அது அவளுக்கு இன்னும் பெரிய பாரம்.

இந்த நிலைமையில்தான் அந்தக் கவுன் அவள் மேல் வந்து ஏறியது. முதுகுப்பக்கம் முழுக்கத் திறப்பு. கட்டிக்கொள்ள மூன்று ஜோடி நாடா இருந்திருக்க வேண்டும். ஒரு ஜோடிதான் மிச்சம். மற்றதெல்லாம் யாரோ கத்தரித்த மாதிரி மொட்டையாக நின்றது. கழிப்பறைக்குப் போவதென்றால் ஒரு கையில் குளுக்கோஸ் தொங்கும் கம்பி, இன்னொரு கையில் பின்பக்கத் துணி.

"ரெண்டு கையும் போச்சு. கதவை எதால தள்றது? மூக்காலயா?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

மூன்றாம் நாள் சித்தப்பாவிடம் வீட்டிலிருந்து ஊசியும் நூலும் கொண்டுவரச் சொன்னாள். கட்டிலில் சாய்ந்தபடியே மாற்றுக் கவுனை எடுத்து, பிரிந்த தையலை மடித்து, உள்ளே பிசிறே தெரியாமல் இரண்டாம் தையல் போட்டாள். பக்கத்துக் கட்டில்காரம்மா தன்னுடையதையும் நீட்டினார். எதிர்க்கட்டில் சும்மா இருக்குமா?

விஷயம் கீழே ஸ்டோருக்குப் போய்விட்டது. வார்டுகளுக்குத் துணிமணி கொடுக்கும் ஸ்டோர்காரர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். ஒல்லியான மனிதர், கண்ணாடி மூக்கில் நிற்காது, நெற்றியில்தான் நிற்கும்.

"ஆஸ்பத்திரிப் பொருள்ல நோயாளி கை வைக்கக் கூடாதும்மா. விதி இருக்கு."

"பிஞ்சதை நோயாளி போட்டுக்கலாம்னும் விதி இருக்கா சார்?"

அவர் கவுனை வாங்கித் தையலைத் திருப்பிப் பார்த்தார். நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கீழே இறங்கிப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது, கையில் இருந்த ஃபைலுக்கு அடியில் நான்கு கிழிந்த கவுன்கள் இருந்தன!

வீட்டுக்கு அனுப்புவதற்குள் பதினொரு கவுன் ஆகிவிட்டது. சித்தப்பாவுக்குக் கோபமான கோபம். "கல்லை எடுக்க வந்தியா, இல்ல வேலைக்குச் சேர வந்தியா?"

"சேர்த்துக்கிட்டா சேர்ந்துடுவேங்க" என்றாள் சித்தி. வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. கடைசி நாள் ஸ்டோர்காரரைப் பிடித்துக் கேட்டேவிட்டாள். "சார், இந்தக் கவுனை நாங்களே தைச்சுத் தரக் கூடாதா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கூடாதுன்னு இல்லம்மா. முடியாது. டெண்டர்ல துணிமணி எல்லாம் ஒரே கட்டு. தலையணை உறையிலேர்ந்து ஆபரேஷன் தியேட்டர் விரிப்பு வரைக்கும் நாப்பத்திரண்டு உருப்படி. தந்தா மொத்தத்தையும் ஒரே ஆள் தரணும், இல்லைன்னா ஒண்ணும் கிடையாது. அவ்வளவையும் தரக்கூடியது ஒரே கம்பெனி. பதினோரு வருஷமா அவங்கதான்."

"அப்போ போட்டிக்கு யாருமே வர்றதில்லையா?"

"யாரும்மா வருவா? நாலு மெஷின் வெச்சிருக்கிறவன் தியேட்டர் விரிப்புக்கு எங்கே போவான்?"

சித்தியின் முகம் சுண்டிவிட்டது. அதைப் பார்த்து அவருக்கே பொறுக்கவில்லை போலும். குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. போன மாசம் அந்தக் கம்பெனியில ஏதோ தகராறு. ஒன்பது நாள் ஒரு துணி வரலை. வார்டுல ஜனங்களுக்குப் போர்வையைச் சுத்திவிட்டோம். வேற யார்கிட்டயாவது வாங்கலாம்னா, எங்க பதிவேட்டுல வேற ஒரு பேரே இல்லை! கொள்முதல் மேடம் அன்னைக்குக் கொதிச்ச கொதி இருக்கே... இப்போ அந்தக் கட்டை உடைக்கிறாங்க. அடுத்த புதன்கிழமை காலையில கூட்டம். சின்னச் சின்ன ஆளுங்க எல்லாரையும் கூப்பிடுறாங்க. வாங்க."

வயிற்றுத் தையல் பிரிக்காத நிலையில் சித்தி அந்தக் கூட்டத்துக்குப் போனாள். துணைக்கு, அந்த ஐந்து பேரில் ஒருவரான ஓவர்லாக் அக்கா. துணியின் ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர். அந்த மெஷினைப் போலவே வாயும் நிற்காது.

ஆஸ்பத்திரி உணவகத்தில் மேசைகளை ஓரங்கட்டிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். முப்பது பேருக்கு மேல் இருக்கும். சோப்புக் கரைசல் காய்ச்சுகிறவர்கள், பார்வையில்லாத ஏழு பேர் சேர்ந்து நடத்தும் துடைப்பப் பட்டறை, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அட்டைப் பெட்டி செய்கிற தம்பதி, குப்பைப் பை ஒட்டுகிற பெண்கள் குழு. மூன்றாம் வரிசையில் கோட்டு மாஸ்டர். ஆண்களுக்குக் கோட்டு தைக்கிறவர், நான்கு மெஷின் வைத்திருக்கிறார், நூல் கடையில் சித்தியைப் பார்க்கும்போதெல்லாம் சீண்டாமல் விடமாட்டார்.

"என்ன அக்கா, பாவாடை தைக்கிறவங்க எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்தாச்சு?"

"ஆமா மாஸ்டர். நோயாளிங்க கோட்டு போட்டுப் படுக்க மாட்டேங்கிறாங்களாம்."

கொள்முதல் மேடம் உள்ளே வந்தார். குட்டையான உருவம், சட்டைப் பையில் மூன்று பேனா. வந்த வேகத்திலேயே பேச ஆரம்பித்தார்.

"துணி, சோப்பு, துடைப்பம்னு பழைய பட்டியல் எல்லாத்தையும் ஒன்பதாப் பிரிச்சிருக்கேன். யாருக்கு எது முடியுமோ அதுக்கு மட்டும் வாங்க. இவ்வளவு வருஷ வியாபாரம் இருக்கணும், இவ்வளவு பெரிய தொகை புரண்டிருக்கணும்கிற நிபந்தனையை எடுத்தாச்சு. பில் குடுத்தா இருபது நாள்ல பணம். சின்ன ஆளுங்களால அதுக்கு மேல காத்திருக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். படிவம் ரெண்டே பக்கம்."

கோட்டு மாஸ்டர் எழுந்தார். "மேடம், ஆஸ்பத்திரிக்குச் சப்ளை பண்ணின அனுபவம் அஞ்சு வருஷம் கேட்பாங்களே?"

"அந்த அனுபவம் வேணும்னா ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி முதல்ல உங்களுக்கு வேலை தரணும் இல்லையா? எல்லா ஆஸ்பத்திரியும் அதையே கேட்டா நீங்க எங்கே போவீங்க? எடுத்துட்டேன்."

ஓவர்லாக் அக்கா அவ்வளவு பேர் நடுவில் கை தட்டிவிட்டார். சித்தி அவர் முழங்காலில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

மேடம் தொடர்ந்தார். "இன்னொண்ணு. பழைய டெண்டர்ல கவுன்னா இத்தனை அங்குலம், நாடா இத்தனை, ஃப்ரீ சைஸ்னு எழுதியிருக்கும். எல்லாம் அந்தக் கம்பெனி விலைப்பட்டியலைப் பார்த்து யாரோ எழுதினது. நான் மூணு வரிதான் எழுதியிருக்கேன். போட்டவங்க உடம்பை மூடணும். ஸ்கேன் அறைக்குள்ள போறதால உலோகம் கூடாது. எங்க துவைப்பறையில முப்பது துவைப்பு தாங்கணும். எப்படித் தைக்கிறதுங்கிறது உங்க இஷ்டம். ஆளுக்கு இருபது சாம்பிள். முதல் தடவை தோத்தா கெடு தேதிக்குள்ள இன்னொரு தடவை தரலாம்."

அன்று திரும்பும்போது பேருந்தில் சித்தி வழி முழுக்க விரலால் தொடையில் கோடு போட்டுக்கொண்டே வந்தாளாம். மறுநாள் வெட்டு மேசையில் கவுன் பிறந்துவிட்டது. பின்பக்கம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூடிக்கொள்ளும். முதுகில் முடிச்சு கிடையாது. நாடா இடுப்பைச் சுற்றி வந்து முன்பக்கம் ஓரத்தில் கட்டிக்கொள்ளலாம், படுத்தால் உறுத்தாது. ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் எட்டவேண்டுமே என்று நாடாவை நன்றாக நீளமாக விட்டாள், ஒவ்வொன்றும் ஒரு கை நீளத்துக்கு மேல். ஐந்து பெண்களும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தார்கள். ஓவர்லாக் அக்கா அதை மாட்டிக்கொண்டு வெட்டு மேசையிலேயே படுத்துப் புரண்டு காட்டினார். எல்லாருக்கும் ஏகத் திருப்தி. இருபது சாம்பிளும் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் காலை பத்து மணிக்கு போன் வந்தது. துவைப்பறை மேஸ்திரி.

"அம்மா, இருபது கவுன் உள்ள போச்சு. ஒரே ஒரு கயிறு வெளிய வந்திருக்கு. வந்து பாருங்க."

சித்தி ஓடினாள். துவைப்பறை ஆஸ்பத்திரியின் பின்பக்கம், அடித்தளத்தில். ஆள் உயரத்துக்கு வட்ட வட்டமாக மெஷின்கள், நனைந்த தரை, மூச்சை அடைக்கும் நீராவி. நடுவில் இரண்டு பெண்கள் எதிரெதிராக நின்று ஒரு துணிப் பந்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இருபது கவுனின் நீள நாடாக்களும் ஒன்றோடொன்று முறுக்கிப் பின்னி, கப்பல் கட்டுகிற வடம் மாதிரி ஆகியிருந்தன. ஒரு கவுனை உருவினால் மூன்று கூடவே வந்தது. இரண்டு கவுனில் நாடா வேரோடு பிய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது.

முதல் துவைப்பிலேயே தோல்வி. முப்பதில் ஒன்று!

மேஸ்திரி தோள் அகலமான ஆள். குரலும் மெஷின் சத்தத்தோடு போட்டி போட்டே பெரிதாகிப்போன குரல். "தையல் எல்லாம் இரும்பு மாதிரி இருக்கும்மா. நாடாதான் எமன். இப்படி வந்தா எங்க பொண்ணுங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? கத்தரிக்கோலை எடுத்து நறுக் நறுக்னு வெட்டி விட்டுடுவாங்க. ஒரு நாளைக்கு நாலாயிரம் உருப்படி. உக்கார்ந்து முடிச்சு அவுக்க முடியுமா?"

சித்தி அவரையே பார்த்தாள். "அப்போ வார்டுல எல்லாக் கவுன்லயும் நாடா மொட்டையா இருக்கே, அது..."

"நாங்கதான்."

"இத்தனை வருஷம் கம்பெனிக்காரங்ககிட்ட இதைச் சொல்லவே இல்லையா?"

"யார்கிட்ட சொல்றது? துணியை இறக்கிட்டுப் போற டிரைவர்கிட்டயா? கம்பெனிக்காரன் எவன் இந்தப் படி இறங்கி வந்தான்? நீங்கதான் முதல் ஆள்."

சித்தி அங்கிருந்த தலைகீழ் வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கெடு தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒரு நாளைக்கு மூன்று துவைப்பு என்று முப்பது முடிக்கவே பத்து நாள் வேண்டும். ஆக, புதிதாக யோசித்து, வெட்டி, இருபது தைத்துத் தர இரண்டே நாள். அதற்குள் வராவிட்டால் கவுன் வேலை போச்சு. டயர் கடை மாடிக்கும் பூட்டுதான்.

"நோயாளியை மட்டுமே நினைச்சுத் தைச்சேன் மேஸ்திரி. இதைப் பிரிக்கிற கையை நினைக்கவே இல்லை" என்றாள். குரல் உடைந்துபோனது என்று மேஸ்திரி பின்னால் சொன்னார். அழுதாளா என்று சித்தியிடம் கேட்டால், "நீராவிடி, கண்ணு எரிஞ்சுது" என்பாள்.

அழுதாளோ இல்லையோ, அடுத்து அவள் செய்ததுதான் சித்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "சாயங்காலம் வரைக்கும் நான் இங்கேயே நிக்கலாமா? எதையும் தொட மாட்டேன்" என்று கேட்டாள்.

"நிக்கிறதுன்னா சும்மா நிக்க விடமாட்டேன். மடிக்கணும்."

மடித்தாள். ஆஸ்பத்திரி மொத்தத்துக்கும் துணி எப்படி வந்து எப்படிப் போகிறது என்பதை அன்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். போட்டிக்கு வந்த வேறொருவர் பிளாஸ்டிக் பட்டன் வைத்திருந்தார். சூடான உருளை இஸ்திரிக்குள் போன அந்தக் கவுன் வெளியே வரும்போது பட்டன் உருகித் துணியில் அப்பளமாக ஒட்டியிருந்தது. கோட்டு மாஸ்டருடைய கவுனில் பளபளவென்று உலோக அழுத்துப் பொத்தான்; அது துவைப்பறைக்கு வராமலேயே வாசலில் திரும்பியது. ஸ்கேன் அறைக்குள் உலோகம் கூடாது என்று மேடம் சொன்னபோது மாஸ்டர் அடுத்த கேள்வியை யோசித்துக்கொண்டிருந்தாராம்! ஆக, உலோகம் ஆகாது, பிளாஸ்டிக் ஆகாது, நீள நாடா ஆகாது.

மடிக்கிற பெண் ஒருத்தியிடம் சித்தி கேட்டாள். "எவ்வளவு நீளம் இருந்தா நாடா பின்னாது?"

அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "இவ்வளவுதான் அக்கா. ஒரு சாண். அதுக்கு மேல போனா ஜோடி தேடும்."

ஒரு சாண் நாடா எல்லா உடம்புக்கும் எட்டாது. அதைத்தான் மறுநாள் காலை வெட்டு மேசையைச் சுற்றி நின்று ஆறு பேரும் பேசினார்கள்.

"எட்டாதுன்னா நாடாவை ஏன் நீட்டணும்? கவுனை அகலமாக்குவோம்" என்றார் ஓவர்லாக் அக்கா.

"அப்போ ஒல்லியா இருக்கிறவங்க அதுக்குள்ள தொலைஞ்சுபோவாங்க" என்றாள் சித்தி.

"அவங்களுக்குச் சின்னதாத் தை. கடையில சட்டை வாங்கும்போது எல்லாருக்கும் ஒரே அளவா தர்றான்? ஆஸ்பத்திரிக்குப் போனா மட்டும் எல்லா உடம்பும் ஒண்ணாயிடுமா? என் உடம்பையும் உன் உடம்பையும் பாரு, கடவுளுக்கே ஃப்ரீ சைஸ் தெரியாது."

சித்தி உடனே சாக்குக்கட்டியை எடுத்தாள். மேடம் எழுதியது மூன்றே வரி. அதில் அளவைப் பற்றி ஒரு சொல் கிடையாது. சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவு. எல்லாவற்றிலும் ஒரே ஒரு சாண் நாடா, பிய்யாமல் இருக்க வேரில் குறுக்கும் நெடுக்குமாகத் தையல். ஆனால் துவைப்பறையில் நாலாயிரம் உருப்படிக்கு நடுவே எது எந்த அளவென்று எப்படிப் பிரிப்பது? சீட்டு தைத்தால் எழுத்து அழிந்துவிடும். கலர்த்துணி வைத்தால் சாயம் போகும். முந்தின நாள் மடித்த கை அவளுக்கு விடை சொன்னது. அந்தப் பெண்கள் துணியைப் பார்ப்பதே இல்லை, கழுத்தைப் பிடித்துத்தான் உதறி மடிக்கிறார்கள். கழுத்தின் பின்பக்கம் தடித்த நூலில் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு. கை தடவினாலே அளவு தெரிந்துவிடும்.

இரண்டு நாளும் ஆறு மெஷினும் மூச்சு விடவில்லை. சித்தப்பா வேனில் சாமான் ஏற்றி இறக்குகிற தன் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து நூல் பிசிறு வெட்டினார். "நான் வெட்டினதுல ஒண்ணாவது கோணலா இருக்கா பாரு" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டார்.

"வெட்டறது பிசிறுதானேண்ணே, அதுல என்ன கோணல்?" என்றார் ஓவர்லாக் அக்கா.

இரண்டாம் நாள் மாலை நான்கு மணிக்கு, ஸ்டோர் சன்னலை மூடுவதற்குச் சரியாக அரை மணி நேரம் முன்னால், இருபது கவுன் போய்ச் சேர்ந்தன.

அதற்கப்புறம் பத்து நாள். போன் அடித்தால் மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும். நாலாம் நாள் மேஸ்திரி கூப்பிட்டார்: "பன்னிரண்டு முடிஞ்சுது. பின்னலை." அவ்வளவுதான், வைத்துவிட்டார். ஏழாம் நாள்: "இருபத்தி ஒண்ணு. எங்க பொண்ணுங்க கண்ணை மூடிக்கிட்டு அளவு பிரிக்கிறாங்க. பந்தயம் வேற கட்டுறாங்க." பத்தாம் நாள் அவர் கூப்பிடவே இல்லை. மேடம்தான் கூப்பிட்டார். நாளைக் காலை பதினொரு மணிக்கு வரச் சொன்னார்.

ஆறு பேரும் கிளம்பிவிட்டார்கள். ஐந்து பேர் மேடம் அறைக்கு வெளியே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சித்தி மட்டும் உள்ளே போனாள். மேஸ்திரியும் ஸ்டோர்காரரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். மேசை மேல் இருபது கவுன், மூன்று அடுக்காக.

"முப்பது துவைப்பு" என்றார் மேடம். "ஒண்ணே ஒண்ணுல நாடா லேசாக் கிழிஞ்சிருக்கு. மூணு வரைக்கும் நான் மன்னிப்பேன்."

"எது மேடம் அது?" சித்தி அந்த ஒன்றைத்தான் முதலில் கையில் எடுத்தாள். வேரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நான் தைச்சது" என்றாள், வெட்கத்தோடு.

மேடம் சிரித்துவிட்டார். பிறகு படிவத்தை எடுத்து வைத்து, பேனாவைத் திறந்தார். "கம்பெனி தந்த கவுனும் முப்பதைத் தாங்கிச்சு. ஆனா அவங்க நாடாவை எங்க ஆளுங்க மறுபடி வெட்டிட்டாங்க. உங்களோடதுதான் வேணும்னு இவர் ஒத்தைக் கால்ல நிக்கிறார்." மேஸ்திரி சுவரைப் பார்த்துக்கொண்டார். "மாசம் மூவாயிரம் கவுன் வேணும். தர முடியுமா?"

கதவு பாதி திறந்துதான் இருந்தது. வெளியே ஓவர்லாக் அக்கா "முடியும்னு சொல்லு, முடியும்னு சொல்லு" என்று உதட்டை அசைப்பது சித்திக்குத் தெரிந்தது. ஒரு மாதத்துக்கு இருபத்தைந்து நாள், ஆறு மெஷின், ஓர் ஆள் ஒரு நாளைக்குப் பத்துக் கவுன் நன்றாகத் தைப்பாள். மனசு கணக்குப் போட்டு முடித்துவிட்டது. முடியாது என்று சொன்னால் மொத்தமும் அந்தக் கம்பெனிக்கே திரும்பிப் போய்விடலாம். முடியும் என்று சொல்லிவிட்டு, அவசரமாகத் தைத்து, நாடா பிய்கிற கவுனை அனுப்பலாம். எல்லாரும் அப்படித்தான் சொல்லி வாங்குகிறார்கள்.

"முடியாது மேடம்" என்றாள் சித்தி. "ஆயிரத்து ஐந்நூறு தர்றேன். அதுல ஒண்ணுகூடக் குறையாது. மூவாயிரம்னு சொன்னா அது பொய்."

வெளியே யாரோ "அடிப்பாவி" என்பது உள்ளே கேட்டது.

மேடம் பேனாவை மூடவில்லை. "மீதிக்கு நான் எங்கே போறது?"

"கோட்டு மாஸ்டர்கிட்ட நாலு மெஷின் இருக்கு. தையல் சுத்தம். துணி வெட்டறதுக்குப் பேட்டர்ன் நான் தர்றேன். சாம்பிள் தைக்கச் சொல்லுங்க, மேஸ்திரி துவைச்சுப் பார்க்கட்டும்."

"உங்களுக்குப் போட்டியா இருக்கிறவருக்கு உங்க பேட்டர்னையா?"

"எத்தனை இடத்துலேர்ந்து வந்தாலும் மடிக்கிறவங்க கைக்கு ஒரே கோடுதானே தட்டணும்? இல்லைன்னா அவங்க மறுபடி கத்தரிக்கோலைத் தேடுவாங்க. நாளைக்கு என் மாடியில கரண்ட் போனாலும் வார்டுல யாரும் போர்வையைச் சுத்திக்கிட்டு இருக்க வேண்டாம்." கையோடு சேர்த்துக்கொண்டாள். "ஆனா அவர் பட்டன் வைக்கக் கூடாது. அதை எழுதியே வாங்கிக்குங்க."

அந்த அறையில் ஒரு பெரிய சிரிப்பு. மேடம் சிரிப்போடு சிரிப்பாகவே எழுத ஆரம்பித்தார். பாதி சித்திக்கு. மாஸ்டர் சாம்பிளில் தேறினால் கால் பங்கு அவருக்கு. மிச்சக் கால் பங்கு பழைய கம்பெனிக்கு, அவர்களும் இதே மூன்று கோட்டோடு. "பதினோரு வருஷத்துல முதல் தடவையா என் பதிவேட்டுல ஒரே உருப்படிக்கு மூணு பேர்" என்று ஸ்டோர்காரரிடம் சொன்னார். ஸ்டோர்காரர் கண்ணாடியைக் கழற்றி நீண்ட நேரம் துடைத்தார்.

எனக்கு இதைச் சொல்லும்போது சித்தி அந்த இடத்தை இரண்டு வார்த்தையில் தாண்டிப் போய்விட்டாள். மேஸ்திரி சொல்லித்தான் முழுசும் தெரியும். கையெழுத்துப் போடச் சொன்னபோது அவள் உடனே போடவில்லையாம். வெளியே போய் ஐந்து பேரையும் உள்ளே கூட்டிவந்து மேசையைச் சுற்றி நிற்கவைத்து, அதற்கப்புறம்தான் போட்டாளாம். இவள் என் சித்தி!

படி இறங்கும்வரை ஓவர்லாக் அக்காவுக்குக் கோபம் தீரவில்லை.

"மூவாயிரத்தைக் கையில வெச்சுக்கிட்டு பாதியைத் தூக்கிக் குடுத்துட்டு வர்றியே, உனக்கு பித்தப்பையை எடுத்தாங்களா, மூளையை எடுத்தாங்களா?"

"எண்ணிப் பாரு அக்கா. ஆயிரத்து ஐந்நூறுன்னா எத்தனை மெஷின் ஓடும்?"

அக்கா விரலை மடக்கினார். மடக்கிய விரலோடு நின்றுவிட்டார். "ஆறு."

"எத்தனை மாசம்?"

"வருஷம் பூரா."

"அப்புறம் என்ன? யாரும் வேற இடம் பார்க்க வேண்டாம். நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க, துணி வருது" என்றாள் சித்தி. சொல்லிவிட்டு, எல்லாருக்கும் முன்னால் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தாள்.